பழைய மோட்டார் வண்டியும் பேணுதற் கடமையும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கும் நாளில் நம்மவர் கொள்ளும் ஊக்கம், அதனைப் பேணும் நாள்களில் இருப்பதில்லை. புதிய வண்டி வீட்டு வாயிலில் வந்து நிற்கும்பொழுது சுற்றத்தார் கூடுகின்றனர், இனிப்பு வழங்கப்பெறுகின்றது, சமயத்திற்கேற்பச் சிலர் மாலை சூட்டுகின்றனர், சிலர் குருவானவரை அழைத்து ஜெபம் செய்விக்கின்றனர். பத்தாண்டு கழிந்த பின்னர் அதே வண்டியின் அடியிற் படுத்துத் திருகு ஒன்றனை முடுக்குவோனை ஏறிட்டுப் பார்ப்பார் இலர். வாங்குதல் பெருமை, பேணுதல் சிறுமை என்னும் இவ்வெண்ணம் நம் நாட்டில் எவ்வாறோ வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் தவறுடைத்து என்பதனை மிகச் சிறியதொரு கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அக்கருவி, பழைய சிறு காரின் கிளட்சு.

தமிழ் பயில்வார்க்குக் கிளட்சோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். வள்ளுவனார் அரசனது பொருளைப் பற்றிக் கூறுமிடத்து, ஈட்டுதலோடு நில்லாது காத்தலையும் தனியே எடுத்தெண்ணினார். ஆகவே, காத்தல் என்பது இலக்கியத்திற்குப் புறம்பான செய்தி அன்று. அஃதன்றியும், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்திற்குச் சாரற்காலத்தில் ஒருமுறை காரிற் சென்றவர்க்கு, இவ்வாராய்ச்சி எத்துணை இன்றியமையாதது என்பதனை யாம் கூறவேண்டுவதில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவேயுள்ள அச்சாலை, ஆனி ஆடித் திங்கள்களின் விடுமுறை நாள்களில் வண்டிகளால் நிறைந்துவிடுகின்றது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் செல்வோர் முழம் முழமாக நகர்ந்து செல்கின்றனர். அவ்வேளையில் ஓட்டுவோரது இடக்கால் படும் பாட்டைவிட, அக்காலின்கீழ்க் கிளட்சு படும் பாடே பெரிது.

இப்பகுதியில் இன்றும் காணப்பெறும் பழைய சிறு கார்களுள் தலைமையானது மாருதி 800 ஆகும். 1983-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் முதன்முதல் வெளிவந்த இவ்வண்டியின் ஆக்கம் 2014-ஆம் ஆண்டு நிறுத்தப்பெற்றது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர்க் கொள்ளளவுமுடைய சிற்றெஞ்சின் ஒன்றனைக் கொண்டு, நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களை முதன்முதலாகக் காரில் ஏற்றிய பெருமை இதற்கு உண்டு. இதன் கடைசி வண்டிக்கும் பத்தாண்டுக்கு மேல் அகவை ஆகிவிட்டது. முதல் உரிமையாளர் புதியது வாங்கிக்கொண்டு இதனை விற்க, இரண்டாமவரும் மூன்றாமவரும் குறைந்த விலைக்கு வாங்கி ஓட்டிவருகின்றனர். பாவூர்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையிற் செல்லும் சிறு வணிகர், தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர், ஒரு சேகரத்தின் பல ஊர்களுக்கும் ஞாயிறுதோறும் சென்று ஆராதனை நடத்தும் குருவானவர் ஆகிய இத்தகையோரே இன்று இதனைப் பெரிதும் ஆள்பவர். இவர்கட்கு வண்டி பகட்டுப் பொருளன்று. அன்றாடப் பிழைப்பிற்குத் துணை. அது நின்றுவிடின் அன்றைய வேலையும் நின்றுவிடும்.

இனி, கிளட்சு என்பது யாது? எஞ்சின் சுழலும்பொழுது அதன் கோடியிற் பொருத்தப்பெற்ற கனத்த சக்கரமாகிய பிளைவீல் இடையறாது சுழலுகின்றது. வண்டியின் சக்கரங்களோ சில வேளை சுழலவேண்டும், சில வேளை நிற்கவேண்டும். சுழல்வதையும் நிற்பதையும் ஒருங்கே பிணைத்துவிட்டால், ஒன்று எஞ்சின் அணையும், அன்றேல் வண்டி பாயும். ஆதலின் இரண்டனையும் வேண்டும்பொழுது சேர்த்தும் வேண்டாதபொழுது பிரித்தும் வைக்கும் இடைநிலைக் கருவி ஒன்று தேவையாயிற்று. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்துச் சந்தி நின்று ஓசையை இடறாமற் காப்பது போல, எஞ்சினும் கியர்ப் பெட்டியும் புணருமிடத்து நின்று ஓட்டத்தை இடறாமற் காப்பது கிளட்சு.

அதன் அமைப்பு மிக எளியது. இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டப்பெற்ற வட்டத்தகடு ஒன்று கியர்ப் பெட்டியின் தண்டிற் கோக்கப்பெற்றுள்ளது. இதுவே கிளட்சுப் பிளேட். இதனைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருப்பது பிரஷர் பிளேட். அதற்கு அழுத்தம் தருவது, கிண்ணம் போற் குவிந்து, நடுவே விரல்கள் போற் பிளவுபட்ட ஒரு வில். பெடலில் யாம் கால் வைத்து அழுத்தும்பொழுது, ஒரு கம்பிக் கேபிள் இழுக்கப்பெறுகின்றது, அஃது ஒரு கவையை அசைக்கின்றது, அக்கவை ரிலீஸ் பேரிங்கினைத் தள்ளுகின்றது, அந்தப் பேரிங் வில்லின் விரல்களை அழுத்த, பிரஷர் பிளேட் பின்வாங்குகின்றது, தகடு விடுபடுகின்றது. காலை எடுத்தால் வில் மீண்டும் தகட்டைப் பற்றிக்கொள்ளும். மாருதி 800-இல் உள்ளது இக்கேபிள் முறையே. சென்னையில் ஆக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற அதனினும் பழைய சில வண்டிகளிற் கேபிளுக்கு மாறாகக் குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தம் இவ்வேலையைச் செய்தது.

இவ்வமைப்பை உற்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். கால் முழுதும் மேலே இருக்கும்பொழுது தகடு தேய்வதில்லை. கால் முழுதும் கீழே அழுத்தியிருக்கும்பொழுதும் தகடு தேய்வதில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையிலேதான், பிளைவீல் ஒரு வேகத்திலும் தகடு வேறொரு வேகத்திலும் சுழல, ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பம் எழுகின்றது, பட்டை தேய்கின்றது. வண்டியை எடுக்கும்பொழுது சில நொடிகள் இவ்வுராய்வு நேர்ந்தே தீரும். அதற்கென்றே அப்பட்டை ஆக்கப்பெற்றது. ஆனால் நம்மவருட் பலர் அச்சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டிக்கின்றனர். ஆகவே, கிளட்சினைக் கொல்வது ஆண்டுகள் அல்ல, ஓட்டுவோரது கால்பழக்கமே என்று துணிந்து கூறலாம். ஒரே ஆண்டிற் செய்யப்பெற்ற இரண்டு வண்டிகளில் ஒன்றன் கிளட்சு நெடுங்காலம் உழைப்பதும், மற்றொன்றனது விரைவில் எரிந்து நாறுவதும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டினாலேயே.

இத்தீய பழக்கங்கள் நான்கு. அவற்றை நம் தென்காசிப் பகுதியின் சாலைகளிலேயே காணலாம்.

முதலாவது, பெடலின்மீது எப்பொழுதும் பாதத்தைச் சார்த்தி வைத்திருத்தல். கால் இளைப்பாறுவதாக ஓட்டுவோர் நினைக்கின்றார். கீழே பேரிங்கிற்கோ ஓய்வில்லை. சிறிய அழுத்தமே ஆயினும் அது நாள்முழுதும் நீடித்தால் பேரிங் தேயும். தகட்டின் பிடியும் தளரும். இரண்டாவது, நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்துகொண்டேயிருத்தல். குற்றாலச் சாலையில் முன்வண்டி இரண்டடி நகர்ந்தவுடன் தாமும் இரண்டடி நகரவேண்டும் என்னும் ஆவலே இதற்குக் காரணம். அவ்விரண்டடியை விட்டுக்கொடுத்து, நியூட்ரலிற் போட்டுக் காலை எடுத்து, முன்னே பத்தடி இடம் கிடைத்தபின் நகர்வோமாயின் அருவி எங்கும் ஓடிவிடாது.

மூன்றாவது, மேட்டில் வண்டியைக் கைப்பிரேக்கால் நிறுத்தாது, கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் கொண்டு ஏந்தி நிற்றல். இதனைச் சிலர் தம் திறமையாகக் கருதி மகிழ்கின்றனர். செங்கோட்டையைக் கடந்து புளியரையிலிருந்து ஆரியங்காவு நோக்கி ஏறும் மலைச்சாலையில், முன்னே செல்லும் சரக்கு லாரிகள் நின்று நின்று செல்லும்பொழுது இத்திறமையைக் காட்டுவோர், மேலே சென்று சேர்வதற்குள் எரிந்த நாற்றத்தை நுகர்வர். அந்நாற்றம் உராய்வுப் பட்டை வெந்ததன் அடையாளம். நான்காவது பழக்கம் யாவற்றினும் கொடியது. அது, அம்மலையினின்று கீழிறங்கும்பொழுது எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கிளட்சை அழுத்திக்கொண்டோ, கியரை விடுத்தோ வண்டியை உருளவிடுதல். கியரில் இறங்கும் வண்டியை எஞ்சினே ஓரளவு பிடித்து நிறுத்துகின்றது. அப்பிடியை விடுவித்துவிட்டால் முழுச்சுமையும் பிரேக்கின்மீது விழும். இடைவிடாது அழுத்தப்பெற்ற பிரேக்கு வெப்பமேறித் தன் பிடியை இழக்கும். வளைவுகள் நிறைந்த சாலையில் அது நேருமாயின் விளைவை எழுதவும் எம் கை கூசுகின்றது. சில காசுப் பெட்ரோலுக்காகக் குடும்பத்தையே பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

நிற்க. தீய பழக்கத்தை விடுத்தல் பேணுதலின் ஒரு பாதி. மற்றொரு பாதி, நாள் தவறாது கவனித்தல். கேபிளுடைய வண்டியிற் பெடலை விரலால் மெல்ல அழுத்தினால் முதலிற் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். பின்னரே இறுக்கம் தோன்றும். எதிர்ப்பற்ற அவ்வசைவினை மெக்கானிக்குகள் பிரீ பிளே என்பர். யாம் வெற்றசைவு என்று கூறுவோம். சிறு வண்டிகளில் இஃது ஏறத்தாழ ஒரு விரற்கடை இருத்தல் நன்று. துல்லியமான அளவை அவ்வவ்வண்டியின் கையேட்டிற் காண்க. இவ்வெற்றசைவு ஏன் வேண்டும் என்பதே அறியத்தக்கது. தகட்டின் பட்டை தேயத் தேய, வில்லின் விரல்கள் பேரிங்கை நோக்கி நெருங்கி வருகின்றன. அதனால் வெற்றசைவு குறைகின்றது. அது முற்றும் இல்லாதொழிந்தால், யாரும் கால் வைக்காமலே கிளட்சு சிறிது அழுத்தப்பெற்ற நிலையிலேயே நிற்கும். பிடி தளரும், தகடு வழுக்கும், வழுக்கினால் வெப்பம், வெப்பத்தால் மேலும் தேய்வு. இச்சுழலில் அகப்பட்ட தகடு விரைவில் அழியும். மாறாக, கேபிள் நீண்டு தொய்ந்துவிட்டால் வெற்றசைவு மிகும். அப்பொழுது பெடலை முழுதும் அழுத்தினாலும் தகடு முழுதும் விடுபடாது. கியர் விழும்பொழுது பற்கள் கறகறவென்று அரைபடும். இவ்விரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே. கேபிளின் கோடியில் உள்ள மரையைத் திருகி அளவைச் சரிசெய்தல். கால்மணி நேர வேலை. இதனைச் செய்யாது விட்டமையாலே முழுக் கிளட்சினையும் மாற்ற நேர்ந்த வண்டிகள் பல.

நோயை அதன் குறியால் உணரலாம். மேற்கியரில் மிதமான வேகத்திற் செல்லும்பொழுது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துக. எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏற, வண்டியின் வேகம் ஏறாதாயின், தகடு வழுக்குகின்றது என்று அறிக. எஞ்சின் அமைதியாகச் சுழல, பெடலை முழுதும் அழுத்திச் சில நொடி பொறுத்துப் பின்கியரைப் போடுக. அரைபடும் ஓசை எழுமாயின், தகடு முழுதும் விடுபடவில்லை என்க. பெடலை அழுத்தும்பொழுது மட்டும் கிறீச்சென்று ஓசை கேட்பின் ரிலீஸ் பேரிங் தேய்ந்தது. பெடலை விடும்பொழுது கேட்டு, அழுத்தியவுடன் மறையும் ஓசையாயின் குற்றம் பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் தண்டைத் தாங்கும் பேரிங்கிலாம். வண்டியை எடுக்கும்பொழுது உடல் குலுங்க நடுங்குமாயின், தகட்டில் எண்ணெய் கசிந்திருக்கலாம்; அன்றேல் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். இவற்றை அறிந்த உரிமையாளர், பட்டறைக்குச் சென்று என்னவோ ஓசை வருகின்றது என்று மட்டும் கூறி, எது சொன்னாலும் தலையசைக்கும் நிலையில் இரார்.

சாரற்காலத்திற்கு உரிய கவனமும் ஒன்றுண்டு. தூறலும் ஈரக்காற்றும் மாறாத அத்திங்கள்களில் ஓடாது நிறுத்தப்பெற்ற வண்டியின் பிளைவீலில் துரு ஏறி, தகடு அதனோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. கேபிளின் இழைகளும் உறைக்குள்ளே துருவேறி ஒவ்வொன்றாக அறும். ஆதலின் பருவம் தொடங்குமுன், வைகாசியிலேயே, கேபிளின் இரு கோடியையும் நோக்கி, ஓரிழை அறுந்திருப்பினும் புதியது மாற்றிவிடுக. கேபிள் விலை மலிந்த பொருள். மலைவளைவில் அஃது அறுந்தால் நேரும் இடரோ மலிந்ததன்று. ஓடாத வண்டியையும் வாரத்திற் சிலமுறை எடுத்துச் சிறிது தூரம் ஓட்டுக. தாலந்தைப் பெற்று அதனை மண்ணிற் புதைத்துவைத்த ஊழியனைத் திருமறையில் அறிவோம். அவன் தான் அதனைப் பழுதின்றிக் காத்ததாகவே எண்ணினான். ஆயினும் தலைவன் அதனைக் காத்தலாகக் கொள்ளவில்லை. வழங்காது வைத்தல் காத்தலாகாது, முறையறிந்து வழங்குதலே காத்தல் என்பதற்குக் கொட்டகையிற் கிடந்து துருவேறிய கிளட்சும் ஒரு சான்று.

தகடு முற்றும் தேய்ந்தபின் மாற்றுதல் ஒன்றே வழி. அவ்வேளையில் ஒரு சிக்கனம் பெருஞ்செலவாய் முடியும். கிளட்சினை அடைவதற்குக் கியர்ப் பெட்டியைக் கழற்றவேண்டும். கூலியிற் பெரும்பங்கு அதற்கே. ஆகவே தகட்டை மட்டும் மாற்றிப் பழைய பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் விட்டுவைத்து, அவை பழுதுபடும்பொழுது மீண்டும் கியர்ப் பெட்டியைக் கழற்றுவது அறிவுடைமையன்று. மூன்றனையும் ஒருங்கே மாற்றுக. பிளைவீலின் முகத்தில் வெப்பத்தால் நீலப்புள்ளிகளோ வெடிப்போ உளவோ என்று காண்க. எண்ணெய் கசியும் சீல் இருப்பின் அதனையும் அப்பொழுதே மாற்றுக. இன்றேல் புதுத்தகடும் எண்ணெயில் நனைந்து பயனற்றுப்போம்.

இவ்விடத்தே, பட்டறைகளில் உழைக்கும் இளைஞரது நலம் பற்றி ஒரு சொல் கூறாது மேற்செல்ல எமக்கு மனம் வரவில்லை. முற்காலத்து உராய்வுப் பட்டைகளிற் கல்நார் சேர்ந்திருந்தது. அதன் நுண்டூசி மூச்சோடு உட்சென்றால் நுரையீரலிற் படிந்து, பல ஆண்டு கழித்துக் கொடிய நோயை விளைக்கும். புற்றுநோயும் அவற்றுள் ஒன்று. பழைய வண்டியின் கிளட்சினைத் திறந்தவுடன் உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதி விடுவது பட்டறை வழக்கம். அத்தூசி அடுத்த கணமே ஊதினவனது மூக்கிற்குத்தான் செல்லும். ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் இத்தீங்கு பெரிதும் குறையும். முகமூடி அணிதலும் வேண்டும். நம் வண்டி நெடுநாள் ஓடவேண்டும் என்று விரும்பும் யாம், அதனைப் பழுதுபார்க்கும் இளைஞன் நெடுநாள் வாழவேண்டும் என்றும் விரும்பவேண்டாவோ? பணம் கொடுக்கும்பொழுது இதனைக் கேட்டுப் பெறும் உரிமையும் கடமையும் வண்டியுடையார்க்கு உண்டு.

எம் கருத்தை மறுப்பாரும் உளர். பழையதைக் கட்டி மாரடிப்பதைவிடப் புதியது வாங்குதல் நன்றன்றோ என்பர் ஒருசாரார். வாங்கும் ஆற்றலுடையார் வாங்குக. ஆற்றல் இல்லாதார்க்குக் கடன் ஒன்றே வழி. பேணினால் இன்னும் சில ஆண்டு ஓடக்கூடிய வண்டியை விற்றுக் கடன்படுமாறு அவர்க்கு அறிவுரை கூறுதல் அறமாகாது. எனினும், பழையது என்னும் ஒரே காரணத்திற்காக எதனையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது எம் கொள்கையன்று. நம் நாட்டுச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதியறிந்தே ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பெறும். பிரேக்கு பழுதாகியும் அடித்தகடு துருத்தின்றும் கரும்புகை கக்கியும் செல்லும் வண்டி அத்தகுதியை இழந்தது. அதனை ஓட்டுதல் பிறர்க்கு இழைக்கும் தீங்கு. யாம் பேசுவது பேணினால் நன்கு உழைக்கும் வண்டியைப் பற்றியே.

மற்றொரு சாரார், இனிக் கிளட்சே வேண்டாத காலம் வருகின்றது என்பர். மெய்யே. தானியங்கு கியருடைய வண்டிகளில் ஓட்டுவோர்க்கு அப்பெடல் இல்லை. மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவற்றிற்குக் கிளட்சே இல்லை. தொடக்ககால மோட்டார்களில் இருந்த தோல் போர்த்த கூம்புக் கிளட்சு மறைந்து தகட்டுக் கிளட்சு வந்தது போல, இதுவும் ஒருநாள் மறையும். ஆயினும் மின்வண்டிக்கு மின்கலம் உண்டு. அதற்கும் பேணும் முறை உண்டு. கருவி மாறும், கடமை மாறாது. கையிலுள்ள சிறு கருவியைப் பேணக் கல்லாதவன், நாளை வரும் பெருங்கருவியையும் அவ்வாறே கெடுப்பான்.

மூன்றாம் சாரார் கூறுவதே எம்மை மிக வருத்துவது. இவையெல்லாம் மெக்கானிக் அறியவேண்டியவை, படித்தவர்க்கு எதற்கு என்பர். கையில் எண்ணெய்க் கறை படுதலை இழிவாகக் கருதும் கல்வி எத்தகைய கல்வி? நம் ஆண்டவர் தச்சருடைய இல்லத்தில் வளர்ந்தார். பவுல் அப்போஸ்தலர் கூடாரம் செய்து பிழைத்தார். நம் நெல்லைச் சீமையில் நற்செய்தி பரப்ப வந்த பெரியாரும் ஏட்டுக் கல்வியோடு நின்றாரல்லர். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-ஆம் ஆண்டிலேயே கைத்தொழிற் பாடசாலை நிறுவினார். அம்மரபில் வந்த கல்லூரிகளிற் பயிலும் யாம், கைத்தொழிலை இகழ்வோமாயின் எம் முன்னோரையே இகழ்ந்தவராவோம். எல்லோரும் மெக்கானிக் ஆகவேண்டும் என்பதன்று எம் வேண்டுகோள். தாம் நாள்தோறும் காலால் மிதிப்பது இன்னதென்று ஒவ்வொருவரும் அறிதல்வேண்டும் என்பதே.

பேணுதலின் பெருமையை நமக்கு உணர்த்தவல்ல சான்று தென்காசியின் நடுவிலேயே நிற்கின்றது. கி. பி. 15-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் விசுவநாதர் கோயிலை எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். அவன் அங்கே பொறித்துள்ள செய்யுட் கல்வெட்டு, தமிழ் பயில்வார் யாவரும் அறியத்தக்கது. பிற்காலத்தே இத்திருப்பணியில் ஒரு குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும், அவரை உலகறியப் பணிகின்றேன் என்னும் பொருளை அம்மன்னன் அதில் அமைத்துள்ளான். எம் சமயம் வேறாயினும் அவ்வுள்ளத்தின் உயர்வு எம்மை வணங்கச் செய்கின்றது. கட்டியவன் மன்னன், பழுதுபார்ப்பவன் பெயர் தெரியாத ஒருவன். மன்னன் அவனுக்குத் தலைவணங்குகின்றான். நெடுங்காலம் சிதைந்து மொட்டையாய் நின்ற அக்கோயிலின் கோபுரம், 1990-ஆம் ஆண்டில் மீண்டும் முழுமையாய் எழுந்தது. மன்னனது வணக்கம் ஐந்நூறாண்டு காத்திருந்து உரியவரைச் சென்றடைந்தது எனலாம்.

கோபுரமும் கிளட்சும் ஒன்றாகுமோ எனின், ஆகா. ஆயினும் பழுது கண்டவிடத்துப் பாராமுகமாய்ச் செல்லாது நின்று நீக்கும் மனப்பான்மை இரண்டிற்கும் ஒன்றே. சிறியதிற் பழகாத கை பெரியதில் எங்ஙனம் பழகும்?

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஓட்டுநர்ப் பயிற்சிப் பள்ளிகள் கிளட்சை அழுத்தக் கற்பிப்பதோடு, அதிலிருந்து காலை எடுக்கவும் கற்பிக்கவேண்டும். அதன் அமைப்பைப் படம் வரைந்தேனும் காட்டவேண்டும். பட்டறை நடத்துவோர் தம்மிடம் தொழில் பயிலும் இளைஞரைத் தூசியினின்றும் காக்கவேண்டும். நம் போன்ற கல்லூரிகளில், திங்களுக்கு ஒரு மாலையேனும், மிதிவண்டி முதல் மோட்டார் வரை பழுதுபார்க்கும் முறையை நல்ல தொழிலாளர் ஒருவரை அழைத்து மாணவர்க்குக் காட்டுவிக்கவேண்டும். அன்று அவரை மேடையில் அமர்த்தி ஐயா என்று அழைத்து வரவேற்றல் வேண்டும். பெருஞ்செலவு இதற்கில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

தோழர்காள்! அடுத்த ஆனித் திங்களிற் சாரல் இறங்கும். குற்றாலச் சாலை மீண்டும் வண்டிகளால் நிறையும். அதற்குமுன் உங்கள் இல்லத்துப் பழைய வண்டியின் பெடலை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு விரற்கடை வெற்றசைவு உளதோ என்று காணுங்கள். இல்லையேல் உடனே சரிசெய்யுங்கள். தந்தையார் பெடலின்மீது பாதத்தைச் சார்த்தி வைத்திருப்பாராயின், பணிவோடு எடுத்துரையுங்கள். உங்கள் வண்டியைப் பழுதுபார்த்துத் தருவோருக்குக் கூலியோடு நன்றியும் கூறுங்கள். மன்னன் ஒருவன் உலகறியச் செய்த வணக்கத்தில் அவருக்கும் ஒரு பங்குண்டு.